கோயில்காட்டு வீரைக்கு எத்தனை தாய்மரம் வேண்டும்?

ஏரிக்கரை
அனைவருக்கும் வணக்கம். புதுச்சேரிக்கும் மரக்காணத்துக்கும் இடையில் எங்கள் ஊர். ஏரிக்கரையை ஒட்டிய புறம்போக்கில் இரண்டு ஏக்கர் நிலத்தை மரம் வளர்க்கப் பஞ்சாயத்தில் ஒதுக்கியிருக்கிறார்கள். வேம்பும் புங்கனும் நட்டு முடித்துக்கொள்ள எங்கள் குழுவுக்கு மனமில்லை. இந்த மண்ணில் முன்பு என்ன காடு இருந்ததோ அதையே திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். அந்தக் காட்டில் மிஞ்சியிருப்பது இப்போது ஐயனார் கோயில்காடுகளில்தான்: வீரை, உலக்கைப்பாலை, காசான், கருங்காலி, காட்டு எலுமிச்சை.

எங்கள் ஊர்க் கோயிலில் மிகப் பெரிய வீரை ஒன்று நிற்கிறது. ஆண்டுதோறும் சிவப்புச் சிவப்பாகக் காய்த்துக் கொட்டுகிறது. அதிலிருந்தே விதை எடுத்து 500 கன்று போட்டுத் தருவதாக ஒரு நாற்றங்காலில் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் குழுவில் உள்ள ஒரு தங்கை, "எல்லாம் ஒரே மரத்துப் பிள்ளைகளாகிவிடுமே, அது காடாகுமா?" என்று கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நாற்றங்கால்
தாராளமாக எடுங்கள். பல ஆண்டுகளாக நாட்டு மரக் கன்றுகள் வளர்த்து வருகிறேன். வீரை விதை முளைக்க மிகவும் தாமதிக்கும், எல்லாம் முளைப்பதும் இல்லை. நிறையக் காய்க்கும் மரம் கையருகில் இருப்பது அதிர்ஷ்டம். நன்றாகக் காய்க்கிற, நோயில்லாத, நேராக நிற்கிற மரத்தில்தான் விதை எடுக்க வேண்டும் என்று வனத்துறைப் பயிற்சியிலேயே சொல்லித் தருவார்கள். பழுத்து உதிர்ந்தவுடன் பொறுக்கி, சதையைக் கழுவி, நிழலில் வைத்து உடனே விதையுங்கள். சேமித்து வைத்தால் உயிர் போய்விடும்.

கொடிமுல்லை
ஏரிக்கரை அண்ணா, கொஞ்சம் பொறுங்கள். காட்டுத் தாவரங்களின் மரபணு வேறுபாடுதான் என் ஆய்வுத்துறை. உங்கள் குழுத் தங்கை மிகச் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறாள்.

முதலில் வீரையைப் பற்றி. இதில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. கருங்காலியும் அப்படியே. நீங்கள் சொல்லும் மரம் காய்க்கிறது என்றால் அது பெண். அதற்கு மகரந்தம் தந்த ஆண் மரம் அதே தோப்பிலோ பக்கத்திலோ இருக்கிறது. அது ஒன்றா பலவா என்பது நமக்குத் தெரியாது. நீங்கள் போடப் போகும் 500 கன்றுகளிலும் பாதி மரபணுக்கள் அந்த ஒரே தாயிடமிருந்து வந்தவை. தந்தை மரங்கள் பல என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் அவை எல்லாம் ஒருதாய்ப் பிள்ளைகள். மரபியல் கணக்குப்படி, ஒரு தாயின் பிள்ளைகளை 500 நட்டாலும் 5,000 நட்டாலும், உறவில்லாத நான்கு மரங்கள் தரும் மரபணுப் பன்மைக்கு, அதாவது வேறுபாட்டுக்கு, மேல் அது போகாது. எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும், பன்மை நான்கிலேயே நின்றுவிடும்.

இது ஏட்டுக் கணக்காகத் தோன்றலாம். உண்மையிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஹவாய்த் தீவில் மவுனா கேயா எரிமலைச் சரிவில் வெள்ளிவாள் என்ற செடி இருக்கிறது. இலை முழுக்க வெள்ளி முடி போர்த்தியிருக்கும். பல ஆண்டுகள் வளர்ந்து, ஒரே முறை ஆளுயரப் பூங்கொத்து விட்டு மடிந்துவிடும். வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட ஆடுகள் மேய்ந்து மேய்ந்து அதைக் கிட்டத்தட்ட அழித்துவிட்டன. 1970களில் அக்கறையோடு விதை எடுத்துக் கன்று வளர்த்து மலையில் நட்டார்கள். 450க்கும் மேற்பட்ட செடிகள் பிழைத்தன. மீட்பு வென்றுவிட்டது என்றுதான் தோன்றும். பின்னால் ஆராய்ந்தபோது, அத்தனையும் இரண்டே இரண்டு தாய்ச்செடிகளின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் என்று தெரிந்தது. அந்தச் செடி தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது, நெருங்கிய உறவின் மகரந்தத்தையும் பெரும்பாலும் தள்ளிவிடும். நட்ட செடிகள் பூத்தன, விதை பிடிப்பது மோசமாக இருந்தது. பிறகு பாறை இடுக்குகளில் தப்பியிருந்த காட்டுச் செடிகளைத் தேடிப் போய், அவற்றின் மகரந்தத்தைக் கையால் கொண்டுவந்து சேர்க்கும் வேலையைத் தொடங்கினார்கள். முதலிலேயே இன்னும் சில தாய்ச்செடிகளிலிருந்து விதை எடுத்திருந்தால் அந்தப் பாடு இருந்திருக்காது.

செம்மண்
கொடிமுல்லை அவர்களின் படிப்பை மதிக்கிறேன். ஆனால் களத்தில் நிற்பவனாக ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தக் கடற்கரையில் ஒவ்வோர் ஆண்டும் ஏதாவது ஒரு தோப்பு காணாமல் போகிறது. கோயிலுக்கு மண்டபம் கட்ட ஒரு பக்கம் வெட்டுகிறார்கள், வண்டி நிறுத்த இன்னொரு பக்கம். புறம்போக்கைத் தக்கவைப்பதே போராட்டமாக இருக்கும்போது, "எத்தனை தாய்மரம்" என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தால் அந்த இரண்டு ஏக்கரிலும் கட்டடம் வந்துவிடும். கிடைத்த விதையை இந்த மழைக்கே நடுங்கள். மரம் நின்றால் நிலம் நிற்கும்.

மேலும், பன்மை இல்லாமலும் மரங்கள் வாழ்கின்றனவே? ஆஸ்திரேலியாவின் வொல்லெமி பைன் மரங்களுக்கிடையில் மரபணு வேறுபாடே இல்லை என்று படித்திருக்கிறேன். அது டைனோசர் காலத்து வம்சம் என்கிறார்கள்.

கொடிமுல்லை
செம்மண் ஐயா, நிலம் போய்விடும் என்ற உங்கள் அச்சம் நியாயமானது. மழை தவறக் கூடாது என்பதிலும் உங்களோடு நிற்கிறேன். நான் கேட்பது வேறு ஒரு தோப்புக்கும் போய் வாருங்கள் என்பதுதான்.

வொல்லெமி நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் அது நீங்கள் சொல்வதற்கு எதிர்ப்பக்கம் நிற்கிறது. 1994இல் சிட்னிக்கு அருகே ஒரு ஆழமான பள்ளத்தாக்கில் அதைக் கண்டுபிடித்தார்கள். முதிர்ந்த மரங்கள் நூற்றுக்கும் குறைவு. மரபணுத் தொகுப்பில் நூற்றுக்கணக்கான இடங்களைச் சோதித்தும் மரத்துக்கு மரம் வேறுபாடு காண முடியவில்லை. வாழ்கிறது, உண்மைதான். எப்படி வாழ்கிறது என்று பாருங்கள். ஒரே பள்ளத்தாக்கு, ஈரம் மாறாத ஓர் இடுக்கு. பார்வையாளர் செருப்பு மண்ணோடு வேரழுகல் கிருமி வந்துவிடக் கூடாது என்று அந்த இடத்தின் இருப்பிடத்தையே இரகசியமாக வைத்திருக்கிறார்கள். 2019-20 பெருந்தீயின்போது ஹெலிகாப்டரில் ஆள் இறக்கி, நீர்தெளிப்பான் அமைத்துக் காப்பாற்றினார்கள். ஒரு மரத்தைக் கொல்லும் நோய் வந்தால் எல்லா மரத்தையும் கொல்லும் என்பதுதான் அங்கே இருக்கும் பயம். நம் ஏரிக்கரைக்கு ஹெலிகாப்டர் வராது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் வீரைக்கு மிகவும் நெருக்கமான பாடம் இது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் சுண்ணாம்புப் பாறை வெளிகளில் வளரும் ஒரு மஞ்சள் டெய்சி, கடைசியில் ஒரே இடத்தில் சில பத்துச் செடிகளாகச் சுருங்கிவிட்டது. செடிகள் நன்றாக இருந்தன, பூத்தன, தேனீ வந்தது. 15 ஆண்டுக்கும் மேலாக ஒரு விதைகூட முளைக்கவில்லை. கலந்து பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. மிஞ்சியவை அனைத்தும் ஒரே கலப்பு வகை, ஒன்றின் மகரந்தத்தை மற்றொன்று ஏற்கவே முடியாது. ஒஹாயோ மாநிலத்துச் செடிகளோடு கலந்ததும் விதை பிடித்தது. உயிரோடு நின்றுகொண்டே ஓர் இனம் அந்த மாநிலத்தில் முடிந்துபோயிருக்கும். பூவைப் பார்த்தவர்கள் யாருக்கும் அது தெரிந்திருக்காது.

ஏரிக்கரை
இதைப் படித்துவிட்டு எங்கள் குழுவில் எல்லோருக்கும் அனுப்பினேன். இப்போது என் கேள்வி நேரடியானது. எத்தனை மரம்? அதற்கு ஆய்வகத்தில் டிஎன்ஏ சோதனை செய்ய வேண்டுமா? எங்களிடம் அதற்குப் பணம் கிடையாது.

ஓய்வாசிரியர்
கல்லூரியில் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். தம்பி, சோதனைக்கூடம் வேண்டாம். அந்த மரத்தின் வாழ்க்கையைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

ஒரு காட்டுத் தாவரத்தின் மொத்த மரபணு வேறுபாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு பங்கு ஒரே தோப்புக்குள் மரத்துக்கு மரம் இருக்கும். மற்றொரு பங்கு தோப்புக்கும் தோப்புக்கும் இடையில் இருக்கும். இந்த இரண்டின் விகிதத்தைத்தான் ஆய்வாளர்கள் அளக்கிறார்கள். 1989இல் ஹாம்ரிக், காட் (Godt) என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதுவரை வெளிவந்த நூற்றுக்கணக்கான ஆய்வுகளைத் திரட்டிச் சராசரி பார்த்தார்கள். தன் மகரந்தத்தாலேயே விதை பிடிக்கும் செடிகளில் மொத்த வேறுபாட்டில் பாதி, அதாவது 51 விழுக்காடு, இடத்துக்கு இடம் இருக்கிறது. அயல் மகரந்தம் ஏற்று, பூச்சியோ பறவையோ கலக்கும் தாவரங்களில் அது சுமார் 20 விழுக்காடு. காற்று கலக்கும் தாவரங்களில் சுமார் 10.

ஆக, ஆண் பெண் வேறாக இருந்து அயல் கலப்பு மட்டுமே நடக்கும் வீரையிலும், கருங்காலியிலும், ஒரு தோப்புக்குள்ளேயே நிறைய வேறுபாடு இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். அதைத் திரட்ட ஒரே தோப்பில் பல மரம் வேண்டும். தன்கலப்பில் விதை பிடிக்கும் சிறு செடி, பூண்டு வகை என்றால் கணக்கு மாறும். அங்கே பல ஊர்களுக்குப் போக வேண்டும்.

எண்ணிக்கைக்கு ஒரு பழைய விதி இருக்கிறது. நூற்றில் ஐந்து என்ற அளவில் இருக்கும் ஒரு மரபணு வடிவம் உங்கள் சேகரிப்பில் விடுபடாமல் இருக்க வேண்டும் என்று வையுங்கள். உறவில்லாத 30 மரங்களில், மரத்துக்கு இரண்டு வீதம், 60 மரபணுப் பிரதிகள் இருக்கும். அவை அனைத்திலும் அந்த வடிவம் இல்லாமல் போகும் வாய்ப்பு 0.95ஐ 60 முறை பெருக்கினால் வருவது, அதாவது 5 விழுக்காட்டுக்கும் கீழே. எனவே 30 மரம் என்பது நல்ல இலக்கு. கோயில்காட்டில் 30 வீரை கிடைக்காது என்பது தெரியும். கிடைத்த அளவு எடுங்கள். ஒன்றிலிருந்து ஐந்துக்குப் போவதில் கிடைக்கும் பயன் மிகப் பெரிது. இருபத்தைந்திலிருந்து முப்பதுக்குப் போவதில் கிடைப்பது கொஞ்சம்தான்.

ஆண் மரத்தை மறந்துவிடாதீர்கள். ஒரு தோப்பில் 20 பெண்ணும் ஒரே ஓர் ஆணும் இருந்தால், மரபியல் கணக்கில் அது 21 மரத் தோப்பு ஆகாது, ஏறக்குறைய நான்கு மரத் தோப்புதான். காய்க்காத மரம் என்று ஆணை வெட்டிவிடும் வழக்கம் சில ஊர்களில் இருக்கிறது. அதை எப்படியாவது தடுத்து நிறுத்துங்கள்.

முல்லைத்தீவான்
இலங்கையின் வன்னியிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் தோப்பு தோப்பாகத் தேடுகிற பாலையும் வீரையும் எங்களிடம் காடாகவே நிற்கின்றன. உலக்கைப்பாலையை நாங்கள் பாலை என்றே சொல்வோம். பாலைப்பழக் காலத்தில் காட்டோரச் சந்தைகளில் பழம் விற்பார்கள், கையெல்லாம் பிசுபிசுக்கும். காட்டுக்குள் கரடிக்கும் அதே காலத்தில் அதுவே பெருவிருந்து. யால, வில்பத்து தேசியப் பூங்காக்களில் கரடி பார்க்க விரும்புகிறவர்கள் பாலை பழுக்கும் மாதங்களில்தான் போவார்கள். கரடி விழுங்கிய விதை தாய்மரத்திலிருந்து வெகுதூரம் போய் விழும். வெளவாலும் பறவையும் அப்படியே கொண்டுபோகின்றன.

என் கேள்வி இது: கரடியும் இல்லாமல், தோப்புக்கும் தோப்புக்கும் நடுவில் வயலும் சவுக்கும் கட்டடமுமாக இருக்கிற உங்கள் கரையில் விதை இப்போது எப்படி நகர்கிறது? அது நின்றுபோயிருந்தால் ஒவ்வொரு தோப்பும் தனித்தனித் தீவாகிவிடும் அல்லவா?

ஓய்வாசிரியர்
மிக நல்ல கேள்வி தம்பி. இதில் மனிதர் கண்ணை ஏமாற்றும் ஒன்று இருக்கிறது. கோயில்காட்டில் நிற்கும் பெரிய பாலைக்கும் வீரைக்கும் நூற்றாண்டுகள் வயதிருக்கலாம். அவை முளைத்தபோது இந்தக் கரை முழுவதும் தொடர்ச்சியாகப் புதர்க்காடு இருந்தது. எனவே அந்த முதிய மரங்களில் பழைய காட்டின் பன்மை அப்படியே தங்கியிருக்கிறது. இன்று தாய்மரத்தின் காலடியில் முளைத்திருக்கும் கன்றுகள், தோப்பு சுருங்கிய பிறகு நடந்த கலப்பில் பிறந்தவை. மூத்த மரங்களை மட்டும் சோதித்தால் எல்லாம் நலம் என்று வரும். கன்றுகளைச் சோதித்தால் வேறு கதை தெரியும். துண்டாடப்பட்ட காடுகளில் மரங்களை ஆராய்கிறவர்கள் இந்த இடைவெளியைத்தான் முதலில் தேடுவார்கள்.

அதனால்தான் ஏரிக்கரைத் தம்பியிடம் சொல்கிறேன்: தோப்பில் தானாக முளைத்த கன்றுகளைப் பெயர்த்து நடுவதைவிட, பல தோப்புகளின் முதிய மரங்களிலிருந்து விதை எடுத்துக் கலந்து நடுவது மேல். நீங்கள் நடப்போகும் இரண்டு ஏக்கரில், நூறு ஆண்டுகளாகச் சந்திக்காத மரங்களின் பிள்ளைகள் ஒன்றையொன்று சந்திக்கும். அந்த வாய்ப்பை இயற்கை இப்போது தருவதில்லை. நீங்கள் தரலாம்.

செம்மண்
சரி, பல மரம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் ஏன் பக்கத்துத் தோப்போடு நிற்க வேண்டும்? மழை மாறிக்கொண்டிருக்கிறது. இராமநாதபுரம் பக்கம் வறட்சியைத் தாங்கி நிற்கும் பாலை இருக்கிறது. அங்கிருந்து விதை கொண்டுவந்தால் நாளைய வெயிலுக்கும் தாங்குமே. முல்லைத்தீவான் தம்பி அனுப்பினால் வன்னி விதையையும் சேர்க்கலாம்.

முல்லைத்தீவான்
அண்ணா, அன்புக்கு நன்றி. ஆனால் கடல் கடந்து விதை அனுப்புவதை நான் செய்ய மாட்டேன். தாவரத் தடைகாப்புச் சட்டம் இரண்டு நாட்டிலும் இருக்கிறது, அது காரணத்தோடுதான் இருக்கிறது. விதையோடு வண்டும் பூஞ்சையும் வரும். பனியுகத்தில் கடல்மட்டம் 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தபோது இலங்கையும் தமிழ்நாடும் ஒரே நிலம். அப்போது பாலைக்காடும் கரையிலிருந்து கரைக்குத் தொடர்ந்திருக்கக்கூடும். அந்த உறவை நினைத்து மகிழ்கிறேன். விதையை மட்டும் அவரவர் கரையில் எடுப்போம்.

கொடிமுல்லை
இந்த விவாதத்தில் என்னை மிகவும் ஆழ்த்தும் இடத்துக்கு வந்துவிட்டோம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு இடத்துச் செடிகள் மரபணுவில் வேறுபட்டிருந்தால் அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, அந்தந்த இடத்தின் மண்ணும் மழையும் தனக்கேற்றதைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கலாம். மற்றொன்று, வெறும் தற்செயல். சிறு கூட்டமாகப் பிரிந்து நின்றதில் ஒரு பக்கம் ஒரு வடிவம் மிஞ்சிவிட்டது, மறுபக்கம் இன்னொன்று. டிஎன்ஏ அறிக்கையில் "வேறுபாடு உண்டு" என்று வந்தால், எது காரணம் என்பதை அந்த எண் மட்டும் சொல்லாது.

கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் லினாந்தஸ் பாரியே என்ற சிறு பூச்செடி இருக்கிறது. மழை பெய்த வசந்தத்தில் தரை முழுதும் பூக்கும். சில இடங்களில் எல்லாம் வெள்ளை, சில இடங்களில் எல்லாம் நீலம், நடுவில் கலப்பு. 1940களில் எப்ளிங், டப்ஷான்ஸ்கி, சூவல் ரைட் ஆகிய ஆய்வாளர்கள் இதைப் பற்றி எழுதினார்கள். தற்செயலே காரணம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது என்று ரைட் கருதினார். தோப்புகளுக்கிடையே எவ்வளவு வேறுபாடு என்று அளக்க நாங்கள் இன்றும் பயன்படுத்தும் அளவுகோல் அவர் தந்தது. எப்ளிங் பின்னர் மாறுபட்டார், இயற்கைத் தேர்வுதான் என்றார். வாதம் அரை நூற்றாண்டு ஓடியது. கடைசியில் ஷெம்ஸ்கியும் பியர்சிசூடெக்கும் பல ஆண்டுகள் அங்கேயே விதை எண்ணினார்கள். மழை மிகுந்த வசந்தத்தில் ஒரு நிறம் அதிக விதை தந்தது, வறண்ட வசந்தத்தில் மற்றது. ஓர் ஓடையின் ஒரு பக்கம் நீலமும் மறுபக்கம் வெள்ளையும் நின்ற இடத்தில் இருபக்கச் செடிகளையும் மாற்றி நட்டார்கள். அந்தந்தப் பக்கத்து நிறமே அங்கே வென்றது. நடுவில் இருப்பது தாண்டிவிடக்கூடிய ஓர் ஓடை!

மாற்றி நட்டுப் பார்ப்பதைப் பெரிய அளவில் செய்தவர்கள் கிளாசன், கெக், ஹீசி. அதே கலிபோர்னியாவில் கடல்மட்டத்துக்கு அருகே ஸ்டான்ஃபோர்டிலும், 1,400 மீட்டரில் மேதரிலும், 3,050 மீட்டரில் மரம் வளரும் எல்லைக்கு அருகேயும் தோட்டம் போட்டு, ஒரே இனத்தை வெவ்வேறு உயரங்களிலிருந்து எடுத்து மூன்றிலும் நட்டார்கள். ஒவ்வொன்றும் தன் பிறந்த உயரத்துக்குரிய வளர்ச்சியை உடம்பிலேயே வைத்திருந்தது. கரையோரச் செடியை மலை உச்சியில் நட்டால், பூத்து விதையாவதற்குள் அங்கே குளிர் வந்துவிடும்.

இனி செம்மண் ஐயா கேட்டதற்கு வருகிறேன். தொலைவில் ஏற்கெனவே வறட்சிக்குப் பழகிய விதை உதவலாம் என்ற எண்ணத்தில் பொருள் இருக்கிறது. உலகின் பல இடங்களில் அப்படிக் கலந்து நட்டுப் பார்க்கிறார்கள். ஆனால் அது ஒரு சோதனை. எங்கிருந்து எந்தக் கன்று என்று குறித்து, தனி வரிசையில் நட்டு, ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். குறிப்பு இல்லாமல் கலந்து நட்டால், பிழைத்தது எது, மடிந்தது எது என்று யாருக்கும் தெரியாமல் போகும். கலந்து பிறந்த முதல் தலைமுறை செழிப்பாக இருந்து, அதற்கடுத்த தலைமுறையில் நலிவதும் உண்டு. நூறாண்டு வாழும் மரத்தில் அது தெரியவரும்போது நாம் யாரும் இருக்க மாட்டோம்.

என் முடிவு: இந்த இரண்டு ஏக்கருக்கு மரக்காணத்திலிருந்து கடலூர் வரை, ஒரே செம்மண், ஒரே வடகிழக்குப் பருவமழை உள்ள தோப்புகளிலிருந்து எடுங்கள். புத்துப்பட்டு ஐயனார் கோயில்காடு உங்களுக்கு அருகிலேயே இருக்கிறது. 1968க்குப் பிறகு மொட்டைச் செம்மண் மேட்டில் ஆரோவில்காரர்கள் எழுப்பிய காட்டுக்கும் பல இனங்களின் விதை இப்படிப்பட்ட தோப்புகளிலிருந்தே போனது. ஒரே தோப்பில் எல்லா மரமும் உறவாக இருந்தால் மட்டும் எல்லையை விரிவாக்குங்கள். ஒரே தாய்மரத்தை விடவும் நூறு கிலோமீட்டர் தள்ளிய நல்ல தோப்பு மேல் என்பேன். பக்கத்திலேயே பத்துத் தாய்மரம் கிடைக்கும்போது அவ்வளவு தூரம் போவது தேவையற்றது.

நாற்றங்கால்
இத்தனையும் படித்த பிறகு நாற்றங்கால் பக்கத்து நிலைமையைச் சொல்வது என் கடமை. விதை சேகரிப்புக்குக் கூலி கொடுத்து, ஒவ்வொரு தாய்மரத்தையும் தனிப் பாத்தியில் போட்டால் செலவு கூடுகிறது. கேட்கிறவர்கள் கன்றின் உயரத்தைப் பார்த்து வாங்குகிறார்கள், தாய்மரம் எத்தனை என்று கேட்பதில்லை. ஒரு பெரிய நாற்றங்காலில் சாலையோரத்து ஒரே மரத்தின் விதையை ஆண்டுதோறும் எடுத்து, ஊர் ஊராகக் குழுக்களுக்குக் கொடுத்துவருவதைக் கண்ணால் பார்த்து வேதனைப்பட்டிருக்கிறேன். பல ஊர்த் தோப்புகள் ஒரே மரத்தின் பிள்ளைகளாகிவிடும். மரம் நடுகிறவர்கள் கேட்கத் தொடங்கினால்தான் இது மாறும். "விதை எந்த ஊர், எத்தனை மரம்?" என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாதவரிடம் வாங்காதீர்கள்.

இன்னொன்று. பையில் முந்தி வளர்ந்த கன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, குட்டையை எறிந்துவிடுகிறோம். நீரும் நிழலும் கிடைக்கும் பாத்தியில் முந்துவது வேறு, நான்கு மாத வெயிலில் புறம்போக்கில் நிற்பது வேறு. வீரையும் பாலையும் மெதுவாக வளரும் இனம். நோயில்லாத குட்டைக் கன்றுகளையும் கேட்டு வாங்குங்கள், நட்டுப் பாருங்கள்.

ஏரிக்கரை
கைகூப்பி நன்றி சொல்கிறேன். ஒன்று மட்டும் உறுத்துகிறது. ஊர்க் கூட்டத்தில் ஒருவர் கேட்டார்: "காட்டு மரத்தில் இருக்கும் இந்த வேறுபாட்டால் மனிதனுக்கு என்ன?" மரத்துக்காகவே மரம் என்று நான் சொன்னதை அவர் ஏற்கவில்லை.

ஓய்வாசிரியர்
அவரிடம் நெல்லைக் காட்டுங்கள் தம்பி. 1970களின் தொடக்கத்தில் ஆசிய நாடுகளின் புதிய நெல் இரகங்களைப் புல்குட்டை வைரஸ் நோய் தாக்கியது. பயிர் இரகம் எதிலும் எதிர்ப்பு இல்லை. பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 6,000க்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்தார்கள். எதிர்ப்பு கிடைத்தது ஒன்றே ஒன்றில். உத்தரப்பிரதேசத்திலிருந்து எடுத்துவைத்திருந்த காட்டு நெல் அது. ஒரைசா நிவாரா என்று பெயர். அந்த எதிர்ப்பு ஐ.ஆர்.36 போன்ற இரகங்களுக்குப் போனது. கோடிக்கணக்கான ஏக்கர் அதன்மேல் நின்றது. அந்த இனம் அழியாமல் இருந்தது மட்டும் போதவில்லை. எதிர்ப்பைத் தாங்கிய அந்த ஓரிடத்துச் செடிகளும் அழியாமல் இருந்தன. அவை போயிருந்தால், காட்டு நெல் மற்ற இடங்களில் ஏராளமாக நின்றும் பயனில்லை. உங்கள் ஊர்க்காரர் நெல் விளைவிக்கிறவராக இருந்தால் உடனே புரிந்துகொள்வார்.

ஏரிக்கரை
அவர் நெல் விவசாயிதான். நாளையே சொல்கிறேன்.

இப்போது எங்கள் திட்டம் இது. 500 கன்று வேண்டாம் என்று அந்த நாற்றங்காலில் சொல்லிவிட்டோம். எங்கள் ஊர் வீரை விதையும் உண்டு, ஆனால் அது மொத்தத்தில் ஒரு சிறு பங்குதான். சுற்றுவட்டத் தோப்புகளின் பூசாரிகளிடம் அனுமதி கேட்டு, ஒவ்வொரு தாய்மரத்திலிருந்தும் ஏறக்குறைய ஒரே அளவு விதை எடுப்போம். மரத்துக்கு ஓர் எண், பைக்கு அதே எண், ஒரு நோட்டில் ஊரும் தேதியும். செம்மண் ஐயா சொன்னபடி இந்த மழையைத் தவறவிடாமல், கிடைத்த மற்ற இனங்களை முன்பகுதியில் நட்டு நிலத்தைப் பிடித்துக்கொள்வோம். வீரைக்கும் கருங்காலிக்கும் உள்ளே இடம் விட்டுவைப்போம்.

ஒரு கேள்வி மிச்சம். வீரைக் கன்றில் ஆண் எது, பெண் எது என்று நடும்போதே தெரியுமா?

கொடிமுல்லை
தெரியாது அண்ணா, பூக்கும்வரை காத்திருக்க வேண்டும். அதனால் நெருக்கமாக, கூட்டம் கூட்டமாக நடுங்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் வெவ்வேறு எண்ணுள்ள தாய்களின் பிள்ளைகள் கலந்திருக்கட்டும். ஒரே எண்ணை ஒரே இடத்தில் குவிக்காதீர்கள், அக்காளும் தம்பியும் பக்கத்துப் பக்கத்தில் நின்றுவிடும். ஏழெட்டுக் கன்று உள்ள கூட்டத்தில் இரண்டு பாலும் இருக்கும் வாய்ப்பு மிக அதிகம்.

முதிய மரங்களில் இப்போதே பார்க்கலாம். பூக்கும் பருவத்தில் ஒரு சிறு கிளையைத் தாழ்த்திப் பாருங்கள். ஆண் பூவில் மகரந்தத் தாள்கள் கொத்தாக நிற்கும், நடுவில் சூலகம் இருக்காது. பெண் பூவில் நடுவில் சிறு உருண்டையாகச் சூலகம் தெரியும். ஒவ்வொரு தோப்பிலும் ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று அந்த நோட்டிலேயே எழுதிக்கொள்ளுங்கள். இந்தக் கரையின் தோப்புகளுக்கு அப்படி ஒரு பட்டியல் இருந்தால் என்னைப் போன்றவர்களுக்கும் அது பெரிய உதவி.

செம்மண்
அந்த நோட்டுக்கு எங்கள் பகுதித் தோப்புகளை நான் பார்த்துத் தருகிறேன். எந்த மாதத்தில் பூக்கும் என்று மட்டும் நாற்றங்கால்காரர் சொல்லட்டும்.

நாற்றங்கால்
ஊருக்கு ஊர் முன்பின் ஆகும் ஐயா. பூசாரிகளைக் கேளுங்கள், தேனீ இரைச்சல் எந்த மாதம் என்று அவர்களுக்குத் தெரியும். தகவல் வந்ததும் எனக்கும் சொல்லுங்கள், பாத்தியைத் தயார் செய்து வைக்கிறேன்.